கூலியை எழுதினீர்களா?

கும்பகோணத்தில் 33 வருடம் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். தொழில், கடன், கணக்கு பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி வடகத்தைப் பற்றியே இருக்கின்றன. வெயில் ஏறிவிட்டது என்று தெரிகிறது.

அம்மா, பெண்கள் வணிகவியல் பக்கமே வராத காலத்தில் நீங்கள் எப்படி வந்தீர்கள்? கல்லூரியில் தொழில்முனைவு வகுப்பை ஆரம்பித்ததே நீங்கள்தான் என்று என் அம்மா சொல்வார்.
– கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

உன் அம்மா என்னிடம் படித்தவராக இருக்க வேண்டும். விசாரித்தேன் என்று சொல்.

என் அப்பா நெல் மண்டியில் கணக்குப்பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே மண்டிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். மரக்காலால் நெல் அளக்கும்போது 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள். முதல் மரக்காலுக்கு 'லாபம்', அப்புறம்தான் ரெண்டு, மூணு. லாபம் முதலிலேயே வந்துவிட்டதே, பின்னே ஏன் முதலாளி சாயங்காலம் வரை கத்துகிறார் என்று எனக்கு ஏழு வயதில் பெரிய சந்தேகம்.

நாள்வழி, பேரேடு, ஐந்தொகை (இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டிய முடிப்புக் கணக்கு) மூன்றையும் அப்பா தமிழில்தான் எழுதுவார். ஐந்தொகை நேராகாத ராத்திரிகளில் சாப்பாடு ஆறிப்போகும். ஒருநாள் 27 ரூபாய் உதைத்தது. "இருபத்தேழு ஒன்பதால வகுபடுதா பாரு. வகுபட்டா எங்கேயோ ரெண்டு எண் இடம் மாறி உட்கார்ந்திருக்கு" என்றார். தேடினேன். 58 வர வேண்டிய இடத்தில் 85 இருந்தது. அந்த ராத்திரி அப்பாவோடு சேர்ந்து சாப்பிட்டேன். நான் வணிகவியல் எடுத்தது அன்றைக்குத்தான். கல்லூரி விண்ணப்பம் பத்து வருஷம் கழித்து வந்தது, அவ்வளவுதான்.

1977-ல் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். அங்கே வணிகவியல் துறை புதிது; அந்தத் துறைக்கு முதல் பெண் ஆசிரியை நான். பாடப்புத்தகத்தில் ராமன் மோகனிடம் சரக்கு வாங்குவான், மோகன் பம்பாய்க்கு அனுப்புவான். என்ன சரக்கு என்று கடைசி வரை சொல்ல மாட்டார்கள். ஆகவே ஒருநாள் வகுப்பையே நாச்சியார்கோயிலுக்கு அழைத்துப் போனேன். பஸ்ஸுக்கு அவரவர் காசு.

குத்துவிளக்குப் பட்டறை. காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்துப் பித்தளையை ஊற்றுகிறார்கள். அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, கடைந்து, திருகி மாட்டுவது. பட்டறைக்காரர் கணக்கை ஒப்பித்தார்: பித்தளை கிலோ இவ்வளவு, கரி இவ்வளவு, வார்ப்புக்கூலி, கடைசல்கூலி. என் பிள்ளைகள் எழுதிக்கொண்டே வந்தார்கள். பின்கட்டில் அவர் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து விளக்குத் தட்டுகளை அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டுக்கு அரை மணி நேரம். விரல் நுனி எல்லாம் மஞ்சளும் கறுப்புமாக இருந்தது. கடைசி பெஞ்சு மாணவி ஒருத்தி கேட்டாள்: "அவங்க கூலி எந்த வரியில சார்?" அவர் நிஜமாகவே குழம்பிப்போனார். "அது வீட்டு வேலைதானேம்மா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பதில்தான் மனதில் ஓடியது. மறுநாள் கரும்பலகையில் அடக்கவிலைப் பட்டியல் போட்டபோது கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'என் கூலி'. எந்தப் புத்தகத்திலும் இந்தப் பெயரில் அது கிடையாது. நான் ஓய்வு பெறும் வரை என் மாணவிகள் எழுதிய ஒவ்வொரு பட்டியலிலும் அந்த வரி இருந்தது. விட்டவர்களுக்குப் பத்துக்கு ஐந்து.

தொழில்முனைவைத் தனிப் பாடமாகக் கொண்டுவந்தது தொண்ணூறுகளில். "பெண் பிள்ளைகள் பாங்க் பரீட்சை எழுதினால் போதாதா? வடகம் விற்கவா பட்டம்?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அந்த வருடம் பாங்க் பரீட்சை தேறியவர்கள் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டேன். பாடம் வந்துவிட்டது.

தொழில் என்பது ரத்தத்தில் ஊற வேண்டாமா? வகுப்பில் சொல்லிக்கொடுத்து வருமா?
– வாசகர், திருவாரூர்

ரத்தத்தில் ஊறுவது சர்க்கரையும் கொதிப்பும்தான் ஐயா.

ஹார்வர்டில் மைல்ஸ் மேஸ் என்பவர் 1947-ல் இதற்கென்று முதல் வகுப்பை எடுத்தார். போர் முடிந்து வந்த பட்டாளத்துக்காரர்கள் நிறையப் பேர் அதில் உட்கார்ந்தார்கள். நமக்கு இன்னும் பக்கத்துக் கதை காக்கிநாடா. உளவியல் பேராசிரியர் டேவிட் மெக்லிலண்ட் 1964-ல் அந்த ஊர் வியாபாரிகளை ஐதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார். முதலீடு, புது ஆட்களை வேலைக்கு வைப்பது என்று பார்த்தால், பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட முன்னே போனார்கள் என்று எழுதினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் அவருடைய வளைய விளையாட்டு எனக்குப் பிடிக்கும்.

ஒரு குச்சியை நட்டு, வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எங்கே நின்று எறிவது என்பது அவரவர் இஷ்டம். கிட்டே நின்றால் சுலபம், பெருமை இல்லை. எட்டத்தில் நின்றால் விழுவது அதிர்ஷ்டம். கொஞ்சம் சிரமம், ஆனால் முடியும் என்கிற தூரத்தைத் தேர்ந்தெடுப்பவரே தொழிலுக்கு ஏற்றவர் என்பது அவர் கட்சி.

கல்லூரித் தாழ்வாரத்தில் தேங்காய்க் கயிற்றை வளையமாகச் சுற்றி வைத்து ஆடச் சொன்னேன். முப்பது பேரில் பெரும்பாலோர் குச்சி மேலே கை படுகிற தூரத்தில் நின்றார்கள். ஏன் என்றால், "தவறினா எல்லாரும் சிரிப்பாங்க மேடம்." சரி என்று எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டேன். அத்தனை பேரும் இரண்டடி மூன்றடி பின்னால் போய் நின்றார்கள்! ரத்தம் அதே ரத்தம்தானே? பார்க்கிற கண்கள்தான் இல்லை.

பாபநாசம் பக்கம் கிராமம். அரிசி வடகம் போட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். நல்ல பெயர் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. கணக்கு அனுப்பியிருக்கிறேன்.
– வாசகி, பாபநாசம் வட்டம்

கணக்கை இவ்வளவு சுத்தமாக எழுதி அனுப்பியதற்கே உங்களுக்கு முழு மதிப்பெண். மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் அப்படியே போடுகிறேன்.

ஒரு தடவை போடுவதற்கு: அரிசி 5 கிலோ 250 ரூபாய். ஜவ்வரிசி 80. பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், எலுமிச்சை, உப்பு 120. கேஸ் 100. கவரும் லேபிளும் 150. ஆக 700. காய்ந்த வடகம் ஐந்தரைக் கிலோ. கடைக்குக் கிலோ 220 வீதம் 1,210. 'லாபம் 510' என்று கீழே இரண்டு கோடு வேறு இழுத்திருக்கிறீர்கள்.

அந்தக் கோட்டை அழியுங்கள். ராத்திரி அரிசி ஊறப்போட்டது யார்? விடிகாலை நாலு மணிக்குக் கூழ் கிளறியது, மொட்டை மாடியில் வேட்டி விரித்துப் பிழிந்தது, மூன்று நாள் எடுத்து எடுத்துக் காயவைத்தது? நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: உங்களுக்கு 14 மணி நேரம், காக்கை விரட்டவும் கவர் போடவும் மாமியாருக்கு 6. மொத்தம் 20 மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் என்று குறைத்தே வைப்போம். 1,000 ரூபாய். இப்போது அடக்கம் 1,700. ஐந்தரையால் வகுத்தால் கிலோ 309. அதை நீங்கள் 220-க்குக் கொடுக்கிறீர்கள். கிலோவுக்கு 89 ரூபாய் உங்கள் கையையும் மாமியார் முதுகையும் கடைக்காரருக்குச் சீதனமாகக் கொடுத்துவருகிறீர்கள். அவர் அதை 340-க்கு விற்கிறார் என்பதும் உங்கள் கடிதத்தில்தான் இருக்கிறது.

நாளைக்கே போய் 310 கேட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். ஆகவே முதலில் நேரத்தைக் குறைக்கப் பாருங்கள். 5 கிலோவுக்குக் கிளறுகிற அதே விடிகாலையில் 10 கிலோவுக்குக் கிளறலாம். நேரம் இரண்டு மடங்கு ஆகாது. காக்கைக்கு ஆள் வேண்டாம், பழைய கொசுவலை போதும். பிறகு பாதிச் சரக்கை நேரே வீடுகளுக்குக் கொடுங்கள். 200 கிராம் கவர் 65 ரூபாய் என்றால் கிலோ 325 ஆகிறது; வாங்குகிறவருக்கும் கடையைவிடக் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வடகம் காயாது. விலை ஏறுவதும் அப்போதுதான். பங்குனியிலிருந்து ஆனி வரை போட்டதில் கொஞ்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் கட்டி வையுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிட்டீர்களா? சிறு அளவுக்கு லைசென்ஸ் தேவைப்படாது, பதிவு போதும். ஆனால் பதிவு எண் கவர் மேல் இருக்க வேண்டும்.

மாமியாரின் ஆறு மணி நேரத்துக்கு 300 ரூபாயைக் கையிலேயே கொடுங்கள். வாங்க மாட்டேன் என்பார். கொடுங்கள்.

குடும்பத் தலைவி. தையல் யூனிட் போடக் கடன் கேட்டால் கணவர் கையெழுத்து, வீட்டுப் பத்திரம் எல்லாம் கேட்கிறார்கள். வழி உண்டா?
– வாசகி, நீடாமங்கலம்

உண்டு. குறு, சிறு தொழில் கடனில் 20 லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மேனேஜரிடம் சண்டைக்குப் போகாமல், எழுத்தில் கேளுங்கள்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில், பி.எம்.இ.ஜி.பி. என்பார்கள், பெண்களுக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம் உண்டு. உங்கள் கைப்பணம் 5 சதவீதம் போதும். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். ஒன்றை மட்டும் முன்னாலேயே தெரிந்துகொள்ளுங்கள்: மானியம் கையில் வராது. மூன்று வருடம் உங்கள் பெயரில் வங்கியிலேயே வைப்பாக இருந்து, அப்புறம் கடனில் கழியும். 'மானியம் வந்ததும் நகையைத் திருப்பிடலாம்' என்று கணக்குப் போட்டு மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1981-ல் ஸ்கூட்டர் வாங்க நான் கடன் கேட்டபோது என் சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே "சார் வரலையா?" என்றார் ஒரு அதிகாரி. சார் அப்போது என்னைவிடக் குறைந்த சம்பளத்தில் இருந்தார். அதைச் சொல்லி அவர் மானத்தை வாங்க வேண்டாம் என்று பஸ்ஸிலேயே போய்வந்தேன்.

பத்து வாரத் தண்டலில் 10,000 வாங்கிப் பூக்கடை நடத்துகிறேன். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள். வாரம் 1,000. நூற்றுக்குப் பதினைந்துதானே, பரவாயில்லை அல்லவா?
– வாசகி, தஞ்சாவூர்

பரவாயில்லை இல்லை தாயே. பதினைந்து என்பது ஒரு வருடத்துக்கு அல்ல, பத்தே வாரத்துக்கு. அதிலும் முதல் வாரமே 1,000 திரும்பப் போய்விடுகிறது. ஐந்தாவது வாரம் பாதிக் கடன்கூட உங்களிடம் இல்லை. சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு நூற்றுக்கு 150-ஐத் தாண்டுகிறது.

நீங்கள் பெரிய கோயிலுக்குப் பக்கத்தில்தான் கடை போட்டிருக்கிறீர்கள். என் மாணவிகளுக்கு வட்டிப் பாடத்தை அங்கேதான் நடத்துவேன். ராஜராஜனின் அக்கா குந்தவை கோயிலுக்குக் கொடுத்த காசை ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விட்டு, வரும் வட்டியில் பூசை நடக்க ஏற்பாடு செய்தார். வட்டிக்கு அப்போது பொலிசை என்று பெயர். வருடத்துக்கு ஒரு காசுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கல்லில் வெட்டியே வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பன்னிரண்டரை, இன்றைக்கு அதே மதில் நிழலில் பூ கட்டுகிறவருக்கு நூற்றைம்பது! மகளிர் குழுவில் இருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த மாதமே சேருங்கள். இந்தத் தண்டல் முடிந்ததும் அடுத்ததை வாங்காமல், அதே 1,000-ஐ எட்டு வாரம் உண்டியலில் போட்டால் 8,000. உங்கள் முதல் கிட்டத்தட்ட முழுதும் உங்களிடமே வந்துவிடும். அந்த எட்டு வாரம் கஷ்டம்தான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

2028 மகாமகத்துக்குக் கும்பகோணத்தில் சாப்பாட்டுக் கடை போட நினைக்கிறேன். லாபம் வருமா?
– வாசகர், வலங்கைமான்

2004 மகாமகத்தில் என் மாணவிகள் 300 பொட்டலம் புளியோதரை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நானும் தான். தெருவுக்குத் தெரு அன்னதானம்! காசு கொடுத்துச் சாப்பிட யார் வருவார்? எண்பது போயிற்று, மீதியை நாங்களும் அன்னதானம் செய்து புண்ணியம் தேடிக்கொண்டோம். எங்களுக்கு எதிரே ஒரு பையன் காலி பாட்டில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தான். குளத்துத் தீர்த்தம் பிடிக்க. மத்தியானத்துக்குள் மூட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

துணிக்கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் 'அறுப்புக்குத் தர்றேன்' என்கிறார்கள். என்ன செய்ய?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

எந்த அறுப்பு என்று கேளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, புரட்டாசி ஐப்பசியில் காசு. சம்பாவுக்குத் தை, மாசி. தேதியில்லாத கடன் தானம்தான். நோட்டில் 'அறுப்பு' என்று எழுதாமல் 'தை 20' என்று அவர் கண் முன்னால் எழுதுங்கள். தண்ணீர் வராத வருடத்தில் ஆடி மாதமே கடனுக்குச் சரக்குக் கொடுப்பதைப் பாதியாகக் குறையுங்கள். மண்டிக்காரர்கள் செய்தித்தாளில் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டத்தைத்தான்.

உங்கள் மாணவிகளில் பெரிய அளவில் ஜெயித்தவர் யார்?
– வாசகி, பட்டுக்கோட்டை

ஜெயித்தவர்களைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். நான் உங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியைச் சொல்கிறேன். பேராவூரணி அருகே கயிறு திரிக்கும் யூனிட் வைத்திருந்தாள். இரண்டு மெஷின், ஆறு பெண்கள். 2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. விடிந்தால் தோப்பெல்லாம் தலைகீழ். தென்னை இல்லை, மட்டை இல்லை. புதுக் கன்று நட்டால் காய்க்க ஐந்தாறு வருடம்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். அழவில்லை. "மேடம், மெஷினை இப்ப வித்தா என்ன வரும், ரெண்டு வருஷம் கழிச்சு வித்தா என்ன வரும்னு போட்டுப் பார்த்துட்டேன். இப்பவே வித்துடறேன்" என்றாள். பொள்ளாச்சிப் பக்கம் யாருக்கோ விற்று, வங்கியை அடைத்து, ஆறு பேருக்கும் ஒரு மாதக் கூலியைக் கையில் கொடுத்து யூனிட்டைப் பூட்டினாள். மிச்சப் பணத்தில் தென்னங்கன்று நாற்றங்கால் போட்டாள். ஊர் முழுக்கக் கன்று தேடிக்கொண்டிருந்த நேரம். அந்த ஆறு பேரில் நாலு பேர் திரும்ப வேலைக்கு வந்தார்கள். கடையைத் திறக்கச் சொல்லிக்கொடுத்தேனே தவிர, பூட்டுவதற்கு நான் பாடம் எடுத்ததே இல்லை. அதை அவளாகவே படித்துக்கொண்டாள்.

ஊருக்கெல்லாம் தொழில் கற்பித்த நீங்கள் ஏன் ஒரு தொழிலும் தொடங்கவில்லை?
– வாசகர், குத்தாலம்

இந்தக் கேள்வி வராமல் இருக்காது என்று தெரியும்.

தொடங்கினேன். 1986-ல் நானும் இரண்டு சக ஆசிரியைகளும் சேர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் தைத்து விற்றோம். ரீம் ரீமாகத் தாள் வாங்கி, என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மடித்து, துளை போட்டு, நூல் கோத்து, பசை தடவி அட்டை ஒட்டுவோம். சனி ஞாயிறு முழுக்க அதே வேலை. என் வீட்டில் இரண்டு வருடம் பசை வாசனை போகவில்லை. கடையைவிட நாலணா குறைவு என்று நன்றாகவே ஓடியது. இரண்டாம் வருடக் கடைசியில் மூன்று பேரும் ஐந்தொகை போட்டோம். லாபம் 1,140 ரூபாய். ஆளுக்கு 380 என்று பிரித்துக்கொள்ளும்போது ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "ஏன்டி, நம்ம கூலியை எழுதினியா?"

வாரா வாரம் கரும்பலகையில் நான் எழுதிப்போட்ட அதே வரி. எழுதவில்லை.

அத்தோடு நிறுத்திவிட்டோம். விற்காத நோட்டுகளை மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். என் பங்கு பரணில் இருக்கிறது. பால் கணக்கு, சலவைக் கணக்கு எல்லாம் அதில்தான். இந்தப் பதில்களையும் அதில்தான் எழுதினேன். இன்னும் பதினோரு நோட்டு பாக்கி.